பிளக்ஸிலிருந்து இறங்கிய பட்டதாரி

ஆனி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில், பாடாலூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கட்டியிருந்த பிளக்ஸிலிருந்து பாவாடை பி.ஏ. கீழே இறங்கி, போட்டிருந்த நீலக் கோட்டைச் சரிசெய்துகொண்டு, சர்வீஸ் ரோட்டைக் கடந்து தன் வீட்டுக்கு நடந்து போனார். அன்றைக்குச் சின்ன வெங்காயம் கிலோ முப்பத்திரண்டு ரூபாய்க்குப் போனது. திருச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் அவர் இறங்கியதைப் பார்த்தார்கள். ஆனால் பஸ் வந்துவிட்டதால் ஏறிப் போய்விட்டார்கள். பிளக்ஸில் அவர் நின்றிருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பின்னால் இருந்த டீக்கடையும் அதன் பாய்லரும் தெரிந்தன. ஒரு வாரமாகத் தன் கடையை மறைத்துக்கொண்டிருந்த பிளக்ஸுக்கு இப்படி ஒரு முடிவு வந்ததில் டீக்கடைக்காரருக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அந்த நேரத்தில் உண்மையான பாவாடை, அதாவது நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பாவாடை, ஒரு லாரி டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது தன் முகம் நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்டுக்கொண்டு எதிரே நின்றது. கையில் தங்கக் கலர் வாட்ச். பாவாடை பயப்படவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். அந்தக் கோட்டைப் பார்த்தால் பாடாலூரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கடையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் வந்தவர் உட்கார்ந்தார். பாவாடை பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே முகத்தோடு இரண்டு பேர் இருந்தார்கள். குழப்பம் வேண்டாம் என்று தெருக்காரர்கள் ஒருவரைப் பாவாடை என்றும் இன்னொருவரைக் கோட்டுக்காரர் என்றும் சொன்னார்கள்.

பிளக்ஸ் வந்த கதை இது. பாவாடையின் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் கொண்டு போகும்போது தாய்மாமன் பெயரில் ஒரு பிளக்ஸ் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சீர் கொண்டு போனதாகவே கணக்கில்லை. தங்கை புருஷன் ராஜதுரையின் ஆட்கள் அதற்கு முந்தின நாளே பெரிய பிளக்ஸ் கட்டிவிட்டார்கள். அதில் சித்தப்பா எம்.ஏ., பி.எட்., பெரியப்பா பி.எஸ்சி., ராஜதுரை டி.எம்.இ. என்று ஒருவர் பெயரும் மொட்டையாக இல்லை. பாவாடையின் அண்ணன் மகன் விக்கி பெரம்பலூரில் பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் செய்கிறவன். அவனுக்கு இதைப் பார்த்ததும் சோறு இறங்கவில்லை. நம் பக்கத்துப் பெயர் மட்டும் வெறுமனே நிற்பதா என்று, ரேஷன் கார்டுப் படத்திலிருந்து தன் சித்தப்பா பாவாடையின் முகத்தை வெட்டி, யாரோ ஒரு வெள்ளைத்தோல் ஆளின் கோட்டுடம்பில் ஒட்டி, கீழே கொட்டை எழுத்தில் பி.ஏ. என்று போட்டுவிட்டான். ஊரில் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள், ஒன்றும் ஆனதில்லை. அதோடு சித்தப்பா அரியலூரில் பி.ஏ. சேர்ந்தவர்தான். ஒரு வருஷம் போனதும் படிப்புதானே என்று விக்கி நினைத்துக்கொண்டான்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஒன்றையும் யோசிக்க வேண்டும். பாவாடையின் அப்பாவும் அவருடைய அப்பாவும் அடுத்தவர் வயலில் களையெடுத்து, அடுத்தவர் களத்தில் நெல் தூற்றி, கொல்லைப்புறத்தில் நின்று கூலி வாங்கினவர்கள். பெரிய தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். அவர்கள் வீட்டு முகம் பத்தடி உயரத்தில் கோட்டுப் போட்டு நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றது சின்ன விஷயம் இல்லை. பிளக்ஸ் கட்டிய அன்று பாவாடை சீருக்குத் தட்டு வாங்கப் போவதாகச் சொல்லி அந்தப் பக்கம் நான்கு முறை போய் வந்தார். நான்கு முறையும் தட்டு வாங்கவில்லை.

கோட்டுக்காரரால் தொல்லை என்று பெரிதாகச் சொல்ல முடியாது. சோறு கேட்கவில்லை. டீ டம்ளரை முகத்துக்கு நேரே வைத்தால் ஆவியை மட்டும் வாங்கிக்கொள்வார். முன்னால் இருந்து பார்த்தால் முழு ஆள், பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு. ஆனால் ஆடி பிறந்ததும் காற்று வந்துவிட்டது. பாடாலூர்ப் பக்கம் ஆடிக் காற்று என்றால் கொடியில் காயும் வேட்டி அடுத்த ஊரில்தான் கிடைக்கும். கோட்டுக்காரர் இரவும் பகலும் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தார். உட்கார வைத்தால் எழுந்துகொள்வார், நின்றால் சாய்வார், சுவரோடு சாய்த்து வைத்தால் சுவரிலிருந்து பிய்த்துக்கொள்வார். மடியில் ஒரு டயர் ரிம்மை வைத்தால் கொஞ்ச நேரம் அடங்குவார். வீட்டில் யாராலும் ஓர் இடத்தில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்ய முடியவில்லை. பாவாடையின் மனைவி செல்லக்கண்ணு மண்டியில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுக்கிற வேலை முடிந்து வந்து, அந்தச் சத்தத்தில் காது அடைத்துப்போய், அடுப்பில் வைத்ததை மறந்து தீய விட்டாள்.

ஆனாலும் தெரு அவரை மதித்தது. பட்டா மாறுதலுக்கு மனு எழுத வேண்டியவர்கள் அவரிடம் வந்து நின்று யோசனை கேட்டார்கள். பேப்பரைக் கையில் கொடுத்தால் தலையங்கத்தைக் கடகடவென்று வாசித்தார். சாயங்காலங்களில் பாவாடையின் ஒரே மகள் பிரவீணாவுக்குக் காலேஜ் கதை சொன்னார். அந்த முகத்துக்கு முதல் வருஷம் நன்றாக நினைவிருந்தது. அரியலூரில் இறங்கிய நாள், ஹாஸ்டலில் புளிக்குழம்பு, சரித்திரப் பாடம் எடுத்த சாரின் குடை. அதோடு நிற்காமல் இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம் என்று போனார். மாணவர் தேர்தலில் நின்றது, டூர் போனது, கறுப்பு அங்கி போட்டு மேடையேறிப் பட்டம் வாங்கியது எல்லாம் சொன்னார். பாவாடை வெளியே டயர் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். முதல் வருஷத்தோடு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர் அவர். தனக்கு நடக்காததெல்லாம் தன் குரலில் வீட்டுக்குள்ளிருந்து வருவதைக் கேட்க அவருக்கு ஆசையாக இருந்தது. ஸ்பானரைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார்.

ஒரு நாள் பிரவீணா, "கோட்டு அப்பா, கடைசி வருசம் ஒங்க ரெஜிஸ்டர் நம்பர் என்ன?" என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர் அதற்கு மட்டும், இன்றைக்குக் காற்று அதிகம் என்றார்.

பிரவீணா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். கவுன்சிலிங்கில் பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு என்ஜினியரிங் காலேஜில் சிவில் கிடைத்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். கட்டணம்தான் இடித்தது. அதற்கு அரசாங்கம் வழி வைத்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் இதுவரை யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், முதலில் படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்று கொடுப்பார்கள். அது இருந்தால் படிப்புக் கட்டணத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பிரவீணா இ-சேவை மையத்தில் உட்கார்ந்து சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் சேர்த்தே விண்ணப்பித்தாள். முதல் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதற்கு வி.ஏ.ஓ. கிருஷ்ணமூர்த்தி நேரில் விசாரிக்க வந்தார்.

கிருஷ்ணமூர்த்தி நல்ல மனிதர், யாரிடமும் காபிகூட வாங்கிக் குடிக்க மாட்டார். அவர் வந்த நேரம் கோட்டுக்காரர் வாசலில் நாற்காலியில், மடியில் ரிம்மோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "குட் மார்னிங்" என்றார். வி.ஏ.ஓ.வும் குட் மார்னிங் என்றார். பிறகு இவர் யார் என்று பாவாடையிடம் கேட்டார். பிளக்ஸில் இருந்தவர் என்று பாவாடை சொன்னார். பிளக்ஸை நானும் பார்த்தேன், பி.ஏ. என்று போட்டிருந்ததே, நீங்கள் பி.ஏ. முடித்தவரா என்று அவர் அடுத்த கேள்வி கேட்டார். முடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விழாச் சமையலுக்கு இரவல் வாங்கிப் போன பித்தளை அண்டாவைத் திருப்பித் தர அன்றைக்குத்தான் ராஜதுரை வந்திருந்தார். அண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பாவாடை வி.ஏ.ஓ.வைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார். கிருஷ்ணமூர்த்தி பேனாவைத் திறந்தார். பிறகு, குடும்பத்தில் ஒரு பட்டதாரி உள்ளார், நேரில் கண்டேன் என்று எழுதிக்கொண்டு வண்டியை எடுத்தார். இரண்டு நாளில் பிரவீணாவின் போனுக்கு நிராகரிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் கால் தரையில் பாவவில்லை. ஆவணி பிறப்பதற்குள் சான்று கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் முடியாவிட்டால் இடம் போய்விடும் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். பிரவீணா காலையில் பெரம்பலூர் பஸ் ஏறினாள், மத்தியானம் தாலுகா ஆபீசில் நின்றாள், சாயங்காலம் இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கினாள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே பதில்தான். சம்பந்தப்பட்ட பட்டதாரி, தான் பட்டதாரி இல்லை என்று நேரில் வந்து சொன்னால் மறுபடி பார்க்கலாம். அவள் வந்து இதைச் சொன்ன ஒவ்வொரு நாளும் பாவாடை, நாளைக்குப் போகலாம் என்றார். நாளைக்கு ஒரு லாரி பஞ்சராகி வந்துவிடும். மறுநாள் தலைவலி. அதற்கு மறுநாள் அஷ்டமி. இரவில் படுத்தால் புரண்டுகொண்டே இருந்தார், எழுந்து தண்ணீர் குடித்தார், கோட்டுக்காரர் மடியில் ரிம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து மறுபடி புரண்டார்.

ஆள் இல்லாவிட்டால் பிரச்சினை இல்லையே என்று செல்லக்கண்ணு நினைத்தாள். அவளுடைய அண்ணன் அரியலூருக்குக் கிழக்கே வரதராஜன்பேட்டையில் முந்திரி வியாபாரம் செய்கிறவர். கோட்டுக்காரரைச் சுருட்டி, இரண்டு இடத்தில் சணல் கட்டி, பஸ்ஸில் லக்கேஜ் போட்டு அங்கே அனுப்பிவைத்தாள். கண்டக்டர் பாதி டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டதோடு சரி. மூன்றாம் நாள், அதுவரை மேற்கிலிருந்து அடித்த காற்று என்னமோ அன்றைக்குக் கிழக்கிலிருந்து அடித்தது. கோட்டுக்காரர் அரியலூர் சிமென்ட் லாரிகளுக்கு மேலே பறந்து, சுண்ணாம்புத் தூசி அப்பிக்கொண்டு, வெளுத்த முகத்தோடு வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வழியில் கருவேல முள்ளில் மாட்டி வலது தோள் கிழிந்திருந்தது.

பாவாடை அவரைப் பெஞ்சில் படுக்க வைத்தார். கிழிசலின் இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்தார், சொல்யூஷன் தடவி ஊதிக் காயவைத்தார், நல்ல டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். லாரி டயருக்குப் போடுகிற ஒட்டைவிடப் பொறுமையாகப் போட்டார். நீலக் கோட்டின் தோளில் கறுப்பாக ஒரு வட்டம் நின்றது. செல்லக்கண்ணு இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் புருஷன்மேல் இவ்வளவு கோபப்பட்டதில்லை. இவ்வளவு பாவமாகவும் இருந்ததில்லை.

"மண்டியில வெங்காயத்துக்கு மேல மூட பிளக்ஸு கேக்குறாங்க. குடுத்துடட்டுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் நாலு நாளு இருக்கட்டுமே."

"இருக்கட்டும். நான் வேணாங்கல. ஆனா படிச்ச ஆளு ஒருத்தரு வூட்டுல வேணும்னா, அது அந்தப் புள்ளயா இருக்கட்டும்."

பாவாடை சுத்தியலைக் கீழே வைத்தார். பிரவீணா உள்ளே பெஞ்ச் ஓரத்தில் நின்று இதைக் கேட்டாள். அவள் அப்பாவிடம் ஒரு நாளும் கெஞ்சவில்லை. அன்றும் கெஞ்சவில்லை. பக்கத்துத் துணிக்கடையில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், திங்கட்கிழமை கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். அது பாவாடைக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. அரியலூரிலிருந்து வந்த மறுநாள், பஞ்சர் கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று அவரும் அப்படித்தான், யாரையும் குறை சொல்லாமல், தன் அப்பாவிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை நீ எங்கேயும் போக வேண்டாம், தாலுகா ஆபீஸ் போகிறோம் என்றார். இந்தத் தடவை அஷ்டமி நவமி பார்க்கவில்லை.

விசாரணைக்கு ஊரிலிருந்து இரண்டு சாட்சிகள் வர வேண்டும். ஒருவர் டீக்கடைக்காரர். இன்னொருவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று செல்லக்கண்ணு சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் ராஜதுரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் நிற்கிறார். பாவாடை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு எங்கேயோ பார்த்தாள். கோட்டுக்காரரும் வந்திருந்தார். விக்கியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் மனுக் கொடுக்க நின்றிருந்த முதியோர் பென்ஷன்காரர்கள் அவருக்கு வழிவிட்டார்கள்.

தாசில்தார் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஆதார் கார்டு ஒன்றுதான், ஆள் இரண்டு. கைரேகை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். பாவாடையின் விரல்களில் ரேகை இருபத்தைந்து வருஷமாக டயர் லீவரில் தேய்ந்து போயிருந்தது, மிஷின் எடுக்கவில்லை. கோட்டுக்காரரின் விரல்கள் வேறு யாருடைய விரல்களோ, அதுவும் வழவழவென்று இருந்தன, மிஷின் அவற்றையும் எடுக்கவில்லை. தாசில்தார் அம்மா மிஷினை ஓரமாக வைத்துவிட்டு, கோட்டுக்காரரிடம் டிகிரி சர்டிபிகேட் இருந்தால் காட்டச் சொன்னார். அவர் கோட்டுப் பாக்கெட்டைத் தொட்டார். அது அச்சடித்த பாக்கெட், திறக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் அவர் உடம்பு முழுக்க நடுங்கியது.

"சார், நீங்க சொல்லுங்க. நீங்க பி.ஏ. முடிச்சவரா?" என்று தாசில்தார் அம்மா பாவாடையைக் கேட்டார்.

பாவாடை முதலில் ராஜதுரையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் பஸ் டிக்கெட்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்கம்மா. மொத வருசத்தோட நின்னுட்டேன். ரெண்டாவது வருசத்துக்குப் பீஸு கட்ட வழியில்ல. உதவித்தொகைக்கு எழுதிப் போட்டா கெடைக்கும்னு சார் சொன்னாரு. அதுக்குத் தாலுகா ஆபீசுல ஒரு சான்று வேணும்னாங்க. எங்கப்பாவுக்கு ஆபீசுக்குள்ள நுழையப் பயம். வாசல்ல வந்து நின்னுட்டு நின்னுட்டுத் திரும்பிட்டாரு. அதுக்குள்ள தேதி போயிடுச்சு. பட்டம்லாம் நான் வாங்கல. பிளக்ஸுல போட்டது பொய்யி."

கடைசி வாக்கியத்தை அவர் ராஜதுரையைப் பார்த்தே சொன்னார். ராஜதுரை வாயில் வெற்றிலை இருந்ததை மறந்து நின்றார். யாரும் கேட்காமலே கோட்டுக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். அதுவரை பாடப்புத்தகத் தமிழும் இங்கிலீசும் கலந்து பேசியவர், முதல் தடவையாகப் பாடாலூர்ப் பேச்சில் பேசினார்.

"அவரு சொல்றது சரிதாங்கம்மா. நாங்க டிரங்குப் பொட்டிய எடுத்துக்கிட்டு அரியலூர்லேந்து பெரம்பலூர் பஸ்ஸு ஏறிட்டோம். வர்ற வழியெல்லாம் மழ. அதுக்கப்பறம் நடந்ததா நான் சொன்னதெல்லாம் பாப்பாவுக்காகச் சொன்னது."

நாங்க என்று அவர் சொன்னதைப் பாவாடை கவனித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, அவரும் மறைக்கவில்லை. தாசில்தார் அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு சாட்சிகளைக் கூப்பிட்டார். டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். ராஜதுரை பேனாவை வாங்கி வெகு நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, தன்னுடைய டி.எம்.இ.யிலும் இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி இருக்கிறது, அதையும் எங்கேயாவது எழுதிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டார். அது இந்த விசாரணையில் வராது என்று தாசில்தார் அம்மா சொன்னார். வெளியே வந்ததும் ராஜதுரை பாவாடையின் தோளில் கை போட்டு, "வா மச்சான், டீ குடிக்கலாம்" என்றார். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். எல்லாருக்கும் டீ சொன்னார்கள். ஒன்றின் ஆவியைக் கோட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

சான்று ஆவணிக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. பிரவீணா அதைப் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழைக்குப் பயந்து சட்டைக்குள் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போய்க் கொடுத்தாள். அங்கே வாங்கிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள். பிளக்ஸிலிருந்து கோட்டுக்காரரின் காலடியில் ஒட்டிக்கொண்டே வந்திருந்த பி.ஏ. என்ற எழுத்து அன்று மாலைக்குள் உதிர்ந்துவிட்டது. செல்லக்கண்ணு அதை மற்றக் குப்பையோடு கூட்டித் தள்ளினாள். காற்றும் ஓய்ந்தது. ஆனால் அவர் திரும்பிப் போக இடம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் அந்த பிளக்ஸைக் கழற்றி, வேறு யாருக்கோ காதுகுத்து பிளக்ஸ் கட்டியிருந்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் வீட்டின் பக்கவாட்டுச் சாய்ப்பு ஒழுகியது. பிரவீணா புத்தகம் வைத்துப் படிக்கிற இடம் அது. கீற்று வாங்கிப் போடுவதற்குள் புத்தகமெல்லாம் நனைந்துவிடும் போல இருந்தது. கோட்டுக்காரரே எழுந்து வந்து, என்னை மேலே போடுங்கள் என்றார். பாவாடைக்கு மனசு வரவில்லை. பாடாலூரில் பழைய பிளக்ஸுக்கு அதுதான் வேலை என்று அவருக்கும் தெரியும். மாட்டுக் கொட்டகை, வெங்காயப் பட்டறை, வைக்கோல் போர் எல்லாவற்றிலும் யாராவது ஒரு மாமா சிரித்துக்கொண்டு படுத்திருப்பார். ஆனால் அவர்கள் யாரும் இவரைப் போலப் பேசினவர்கள் இல்லை. கடைசியில் பாவாடையும் விக்கியும் ஏணி போட்டு ஏறினார்கள். வெயில் வெள்ளைப் பக்கத்தில் பட்டால் வீட்டுக்குள் சூடு இறங்காது என்று, எல்லாரும் செய்வது போலவே, முகம் கீழே பார்க்கும்படி விரித்து நான்கு மூலையிலும் மூங்கிலோடு கட்டினார்கள். தோளில் இருந்த ஒட்டு பழைய ஓட்டைக்குச் சரியாக மேலே வந்து உட்கார்ந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. மூங்கில்களுக்கு நடுவே அவர் முகமும் டையும் தெரிந்தன. அதற்கு நேர் கீழே பிரவீணா படித்தாள்.

நான்கு வருஷம் அப்படிப் போனது. அவள் புத்தகத்தின்மேல் தூங்கி விழுந்தால் மேலிருந்து அவர் தொண்டையைச் செருமுவார். கணக்கில் அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் ஒப்பிக்கும்போது முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் வித்தியாசம் வந்தால் சொல்லிவிடுவார். மூன்றாம் செமஸ்டரில் ஒரு பேப்பர் போய், அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தபோது, பெட்டியை மட்டும் கட்டாதே என்று சொன்னார். உதவித்தொகை ஒரு வருஷம் தாமதமாக வந்தது, ஒரு வருஷம் வேறு பாங்க் கணக்கைக் கேட்டார்கள், அந்த நாட்களில் பாவாடை தானே பஸ் ஏறிப் போய் ஆபீசுக்குள் நுழைந்து விசாரித்துவிட்டு வந்தார். நுழையும்போது செருப்பைக் கழற்றவில்லை. கோட்டுக்காரரின் நீலம் வெளிறிச் சாம்பலானது, டை ரோஸ் கலரானது, வாட்ச் மறைந்தே போனது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. பாவாடைக்கு நரைத்தபோது அவருக்கு நரைக்கவில்லை.

பட்டமளிப்பு விழா பங்குனியில் நடந்தது. ராஜதுரை வேன் பிடித்துக்கொண்டு வந்தார். மறுநாளே பிளக்ஸ் அடிக்க வேண்டும் என்று விக்கி துடித்தான், என்ன போடலாம் என்று கேட்டான். பிரவீணா பி.இ. என்று போடு, அது உண்மைதானே என்று செல்லக்கண்ணு சொன்னாள். போட்டோவில் உடம்பையும் முகத்தையும் சேர்த்தே எடு என்றும் சொன்னாள்.

விழாவிலிருந்து வந்த சாயங்காலம் பிரவீணா நேராகச் சாய்ப்புக்குள் போனாள். உறையிலிருந்து பட்டத்தை எடுத்து, இரண்டு கையாலும் கூரையைப் பார்த்து உயர்த்திப் பிடித்தாள். மேலே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு கோட்டுக்காரர் வாசிக்கத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தின் பெயர், அவள் பெயர், பாடம், வருஷம் என்று ஒன்றையும் விடாமல் படித்தார். கடைசியில் ரெஜிஸ்டர் நம்பரை ஒவ்வோர் எண்ணாக, தப்பாகிவிடக் கூடாதே என்ற பயத்தோடு படித்தார்.

பாவாடை வெளியே ஒரு கரும்பு லாரியின் டியூபைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தார். "நம்பர மட்டும் இன்னொரு தடவ சத்தமாப் படிங்க" என்றார். கோட்டுக்காரர் மேலிருந்து மறுபடி வாசித்தார். டயர் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் கூரையை நிமிர்ந்து பார்த்து, அங்கே யார் என்று கேட்டார்.

"எங்க வூட்டு ஆளுதான். மழைக்கு மேல போட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, பாவாடை தண்ணீரில் குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்தார்.